கைமாறும் வேலை: சென்னை, மும்பை தூய்மைப் பணியாளர் போராட்டங்கள்

2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பதின்மூன்று நாள் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் என்ற ஐந்தாம், ஆறாம் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்ததை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். அந்த நாட்களில் நகரத்தில் பலர் ஒரு கேள்வியைக் கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. "யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லையே, கம்பெனியில் சேர்ந்துகொள்ளத்தானே சொல்கிறார்கள்? அதே தெரு, அதே வண்டி, அதே வேலை. பிறகு எதற்கு இந்த வெயிலிலும் மழையிலும் கிடக்கிறார்கள்?"

கூலி குறைகிறது என்பது உடனே சொல்லக்கூடிய பதில். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கியவர்களுக்குக் கம்பெனியில் 17,000 ரூபாய்க்கும் குறைவாகத்தான் கிடைக்கும் என்ற நிலை இருந்தது. ஒரு குடும்பத்தில் மாதம் ஆறாயிரம் ரூபாய் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கூலியைக் குறைக்காமல் அப்படியே கொடுத்திருந்தாலும் அவர்கள் கம்பெனியின் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்கியிருப்பார்கள், தயங்கியிருக்கவும் வேண்டும் என்பது என் முடிவு. அந்தத் தயக்கத்தின் காரணம் புரிய மும்பைக்குப் போக வேண்டும்.

மும்பையில் 1997இல் கச்ரா வாஹ்துக் ஷ்ரமிக் சங் என்ற தொழிற்சங்கம் தொடங்கப்பட்டது. குப்பை லாரிகளில் ஏறி இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களை மிலிந்த் ரானடேயும் தோழர்களும் திரட்டினார்கள். அப்போது அந்தத் தொழிலாளர்களுக்குக் கையுறை கிடையாது, காலணி கிடையாது, வேலை முடிந்து உடம்பைக் கழுவத் தண்ணீர் கிடையாது. நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே நகரத்தின் ஒரே குப்பையை அள்ளினார்கள். ஒருவருக்குக் குடியிருப்பு, ஓய்வூதியம், வாரிசு வேலை எல்லாம் உண்டு. மற்றவருக்கு அன்றாடக் கூலி, அதுவும் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே.

மும்பை மாநகராட்சி இந்த ஒப்பந்தங்களை எழுதிய விதத்தைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் குறைந்தது இருபது பேரை வேலைக்கு வைக்கும் ஒப்பந்ததாரருக்குத்தான் பொருந்தும் என்ற வரம்பு இருந்தது. மும்பையில் 'ஹைதராபாத் பாணி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேலையைச் சிறு சிறு பகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு ஒப்பந்ததாரர் கையிலும் இருபதுக்குக் குறைவான ஆட்கள் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள், ஆனால் காகிதத்தில் எந்த இடத்திலும் இருபது பேர் சேரவில்லை. சட்டம் வாசலிலேயே நின்றுவிடும். அதோடு ஒப்பந்ததாரரைத் தொண்டு நிறுவனம் என்றார்கள், தொழிலாளியைத் தன்னார்வலர் என்றார்கள், கூலியை மதிப்பூதியம் என்றார்கள். குடிசைப் பகுதிகளைத் துப்புரவு செய்யும் திட்டத்தில் இந்த ஏற்பாடு ஆண்டுக் கணக்கில் ஓடியது. தன்னார்வலருக்குக் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாதல்லவா?

இதை எப்படி உடைத்தார்கள்? மறியலும் ஊர்வலமும் நடந்தன. ஆனால் சங்கத்தின் முக்கிய ஆயுதம் காகிதம். உச்ச நீதிமன்றம் 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஒரு கோட்டைப் போட்டிருந்தது. ஒப்பந்த முறையை ஒழித்தாலும் அந்தத் தொழிலாளர்கள் தானாகவே நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட மாட்டார்கள். ஆனால் அந்த ஒப்பந்தமே பொய், வெறும் மறைப்பு என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால், தொழிலாளி முதன்மை முதலாளியான அந்த நிறுவனத்தின் ஆளாகவே கருதப்படுவார். அதை நிரூபிக்க வேண்டியது தொழிலாளி. யார் வேலை ஏவுகிறார்? யார் வருகை எடுக்கிறார்? லாரி யாருடையது? வேலை ஆண்டு முழுக்க இருக்கிறதா? ஒப்பந்ததாரர் மாறினாலும் ஆட்கள் அப்படியே இருக்கிறார்களா? இவை ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். அதோடு ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்ததற்கும் சான்று வேண்டும். சம்பளச் சீட்டே கொடுக்காத ஓர் ஏற்பாட்டில் வேலை செய்தவர்களிடம் கேட்கப்பட்ட சான்று இது.

2014இல் தொழில் தீர்ப்பாயம் 2,700 பேரை நிரந்தரமாக்கச் சொன்னது. மாநகராட்சி மேல்முறையீடு செய்தது. 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதிசெய்தது. மாநகராட்சி மறுபடியும் மேலே போனது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தொழிலாளர் பக்கம் நின்றது. அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தீர்ப்பின் பட்டியலில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை என்று சொல்லிப் பலரை நிறுத்திவைத்தார்கள். ஒரு மேஸ்திரி நோட்டில் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, ஆதாரில் இருப்பது ஒன்று. ஒன்றில் அப்பா பெயர் சேர்ந்திருக்கும், ஒன்றில் சேர்ந்திருக்காது. உச்ச நீதிமன்றம் வரை ஜெயித்த ஒருவர், தான்தான் அந்த ஆள் என்பதை மறுபடியும் நிரூபிக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இந்த ஒரு விவரத்தைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. பெயரை எழுதியவர்கள் அவர்கள் அல்ல. எழுதப்பட்ட காகிதத்தை ஒருநாளும் அவர்கள் கையில் கொடுத்ததும் இல்லை.

இன்னொரு தொகுதியாக 580 பேர். 'தன்னார்வலர்' என்று சொல்லப்பட்டவர்கள். அவர்களை நிரந்தரமாக்கச் சொன்ன தீர்ப்பாய உத்தரவைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் உறுதிசெய்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வேலைக்கு வந்தவர்களுக்கு அதற்குள் தலை நரைத்துவிட்டது.

இனி சென்னைக்குத் திரும்புவோம். ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தவர்கள் 'என்.யூ.எல்.எம்.' தொழிலாளர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் என்ற பெயரில் எடுக்கப்பட்டு, மாநகராட்சியின் குப்பையை அள்ளியவர்கள். பத்தாண்டுக்கும் மேல் வேலை செய்தவர்கள் அவர்களில் உண்டு. 2015 வெள்ளத்திலும் கொரோனாவிலும் தெருவில் நின்றவர்கள். பணம் மாநகராட்சியிடமிருந்து வந்தது. வார்டில் வேலை ஏவியதும் வருகை எடுத்ததும் மாநகராட்சியின் ஆட்களே. வண்டி மாநகராட்சியுடையது. நடுவே ஒப்பந்ததாரர் என்று ஒருவர்கூட இல்லை, ஒரு குழுவின் பெயர் மட்டும் இருந்தது.

மும்பைத் தொழிலாளர்கள் ஆண்டுக் கணக்கில் அலைந்து நிரூபித்த விஷயங்கள் சென்னைத் தொழிலாளர்களுக்கு ஏறத்தாழக் கண்முன்னே கிடந்தன. யார் முதலாளி என்று தேடிப்போக வேண்டியதில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே சொத்து இந்த நிலைதான். கம்பெனியின் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தச் சொத்து கைவிட்டுப் போகும். ஏனென்றால் இந்த முறை வந்த நிறுவனம் பெயருக்கு வந்த மேஸ்திரி அல்ல. சொந்த வண்டி, சொந்த மேற்பார்வையாளர், சொந்த வருகைப் பதிவு, பத்தாண்டு ஒப்பந்தம் என்று முழு ஏற்பாட்டோடு வந்த பெரிய நிறுவனம். அதன் கீழே இரண்டு ஆண்டு வேலை செய்துவிட்டு, 'இது பொய் ஒப்பந்தம், எங்கள் முதலாளி மாநகராட்சிதான்' என்று தீர்ப்பாயத்தில் நிற்பது மிகக் கடினம். 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சோதனைகள் எல்லாம் எதிராகத் திரும்பிவிடும்.

ஆகவே, 'அதே தெரு, அதே வேலைதானே' என்ற கேள்விக்குப் பதில் இது: தெரு மாறவில்லை, வழக்கு மாறிவிடுகிறது. கம்பெனியில் சேர்வது ஓர் இடமாற்றம் இல்லை. பத்தாண்டுச் சேவையை ராஜினாமா செய்வது. தொழிலாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. சென்னையின் சொந்த வரலாறே அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தது.

அந்த வரலாறு சுருக்கமாக: 2000இல் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் மூன்று மண்டலங்களுக்கு வந்தது. அது போய் ஆண்டுகள் ஆன பிறகும் குப்பை வண்டியை 'ஓனிக்ஸ் வண்டி' என்றே சொன்ன தெருக்கள் உண்டு. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா, 2011இல் அதன் ஒப்பந்தம் முடிந்தது. பிறகு ராம்கி. 2020இல் ஏழு மண்டலங்களுக்கு ஸ்பெயின் நிறுவனத்தின் கூட்டான அர்பேசர் சுமீத். இப்படிப் பதினைந்தில் பதினொரு மண்டலங்கள் தனியாரிடம் போயின. பலகை மாறும் ஒவ்வொரு முறையும் தொழிலாளியின் சேவைக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அப்போதிருந்த பணிக்கொடைச் சட்டப்படி ஐந்தாண்டு தொடர்ந்து ஒரே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. 2007இல் வந்து 2011இல் போன நிறுவனத்தில் நாலு ஆண்டு வேலை செய்தவர் அந்தச் சட்டத்தைக் காட்டி என்ன கேட்க முடியும்?

மாநகராட்சியின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கம்பெனியில் சேர்ந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ., விடுப்பு, போனஸ் கிடைக்கும் என்றார்கள். இயந்திரங்கள் வரும், நகரம் சுத்தமாகும் என்றார்கள். நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை சேரும் ஊரில் அதைத் தட்டிக்கழித்துவிட முடியாது. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகள் இத்தனை ஆண்டாகச் சுமப்பதைப் பார்த்தவர்களுக்கு முறை மாற வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்காது. ஆனால் பி.எஃப். பிடித்தமும் இ.எஸ்.ஐ. அட்டையும் மாநகராட்சியே கொடுத்திருக்க வேண்டியவை. தான் கொடுக்கத் தவறியதை இன்னொருவர் கொடுப்பார் என்று காட்டி ஆளைக் கைமாற்றுவதை ஒரு சலுகையாக ஏற்க என்னால் முடியவில்லை. அதோடு கூலி குறைவதை அந்த வாதம் தொடவே இல்லை.

இரண்டு நகரங்களிலும் போராட்டத்தின் தன்மை வேறு. மும்பையில் ஒப்பந்தம் போடப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து அது பொய் என்று நிரூபிக்கும் போராட்டம். நீண்டது, சத்தமில்லாதது, பெரும்பாலும் தீர்ப்பாயத்தின் கூடங்களில் நடந்தது. சென்னையில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்திலேயே வாசலில் நின்று தடுக்கப் பார்த்த போராட்டம். நாடே பார்த்தது. மாணவர்கள், வழக்கறிஞர்கள், திரைத்துறையினர் வந்தார்கள். 2021 தேர்தலுக்கு முன் இதே தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று பேசிய கட்சிதான் ஆட்சியில் இருந்தது என்பதால் அரசியலும் சூடாகியது. ஆகஸ்ட் 13 அன்று நடைபாதையிலிருந்து அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, நள்ளிரவில் போலீஸ் வந்தது. பெண்களைத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றினார்கள். மறுநாள் அரசு காலை உணவு, காப்பீடு, வீடு என்று தூய்மைப் பணியாளர்களுக்கான நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவு நல்லதுதான். விடியுமுன் வெறும் வயிற்றோடு வேலைக்கு வருகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் கேட்டது அதுவல்ல.

ஒரு வாரம் கழித்து வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு இரண்டு நகரங்களின் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. உழைப்போர் உரிமை இயக்கம் என்ற தொழிற்சங்கம் தொடர்ந்த வழக்கில் அதன் முக்கிய வாதம், தொழில் தகராறு நிலுவையில் இருக்கும்போது முதலாளி வேலை நிபந்தனைகளை மாற்றக் கூடாது என்பது. தனியாருக்குக் கொடுக்கும் மாநகராட்சித் தீர்மானத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. கடைசியாக வாங்கிய கூலி குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது. யார் முதலாளி என்ற கேள்வி மறுபடியும் தீர்ப்பாயத்துக்கே போனது. மும்பை தொடங்கிய அதே இடத்துக்கு.

தீர்ப்பாயம் என்ற அந்த இடத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் முறைப்படி நியமிக்கப்படாதவர்களை நிரந்தரமாக்கக் கூடாது என்று சொன்னதிலிருந்து, ரிட் மனுவோடு போகிற தற்காலிகத் தொழிலாளி முன் எல்லா அரசு அமைப்பும் அந்தத் தீர்ப்பைத்தான் நீட்டுகிறது. ஆனால் தொழில் தீர்ப்பாயத்தின் அதிகாரத்தை உமாதேவி தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்று 2009இல் மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆட்களை ஆண்டுக் கணக்கில் தற்காலிகமாகவே வைத்து நிரந்தர உரிமையை மறுப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது. அதைக் கையாளும் இடம் தொழில் தீர்ப்பாயம். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், உமாதேவி தீர்ப்பை நீண்டகாலத் தொழிலாளர்களுக்கு எதிராகத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தும் இருக்கிறது. மகாராஷ்டிரத்துச் சங்கங்களுக்கு 1971ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று கூடுதல் கதவாக இருந்தது, அரசு பரிந்துரைக்கக் காத்திராமல் நேராகப் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் என்கிறது அது. மாநகராட்சிக் குப்பை வேலைக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதில் வாதங்கள் உண்டு. அந்தச் சட்டத்தைத் திருத்தித் தூய்மைப் பணியை வெளிப்படையாகச் சேர்க்கச் சட்டமன்றத்துக்கு ஒரு நாள் போதும்.

ஆனால் சட்டம் போகும் திசை வேறாக இருக்கிறது. 2025 நவம்பரில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று, நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைக்கக் கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எவை மையப் பணி இல்லை என்ற பட்டியலின் தொடக்கத்திலேயே துப்புரவும் குப்பை சேகரிப்பும் வருகின்றன. நிறுவனம் அந்தப் பணிக்காகவே அமைக்கப்பட்டதாக இருந்தால் மட்டும் விலக்கு. அதோடு ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான வரம்பு இருபதிலிருந்து ஐம்பது ஆகிவிட்டது. மும்பையில் இருபதுக்குள் ஆளை வெட்டி வெட்டி வைத்தவர்களுக்கு இனி அவ்வளவு வெட்ட வேண்டியதில்லை.

மாநகராட்சி எதற்காக அமைக்கப்பட்டது என்ற கேள்வி அடுத்த வழக்குகளில் எழாமல் இருக்காது. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென்று ஒரு பட்டியலைத் தந்திருக்கிறது. பன்னிரண்டாம் அட்டவணை. அதன் ஆறாவது வரி: பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை. ஒரு வங்கியில் தரை பெருக்குவது மையப் பணி இல்லை என்று வாதிடலாம். குப்பை அள்ளுவது மாநகராட்சியின் மையப் பணி இல்லை என்றால் வேறு எது மையப் பணி? இந்த வாதத்தை முதலில் எடுத்துச்செல்லும் சங்கம் எந்த ஊரில் இருந்தாலும் அதன் வழக்கை எல்லா ஊரும் கவனிக்க வேண்டும்.

மும்பை வென்றது, சென்னை தோற்றது என்று கணக்கு முடிக்க நான் தயாரில்லை. மும்பையில் ஜெயித்தவர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்த சில ஆயிரம் பேர். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் மறுபடி ஒப்பந்தத்தில்தான் வந்தார்கள். 2025இல் மும்பை மாநகராட்சியும் வண்டி, ஆள் எல்லாவற்றையும் சேர்த்துத் தனியாரிடம் விடப் பெரிய டெண்டர் கோர, அங்கேயும் சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு அணியமாயின. இருபது ஆண்டு வழக்கு நடத்தி 'பொய் ஒப்பந்தம்' என்று நிரூபித்தவர்களுக்கு எதிரே இப்போது நிற்பது உண்மையான ஒப்பந்தம். சென்னை இன்று நிற்கும் இடத்துக்கு மும்பையும் வந்து சேர்ந்திருக்கிறது. மறுபக்கம், சென்னைப் போராட்டம் நடக்காமல் போயிருந்தால் கூலிப் பாதுகாப்பும் வந்திருக்காது. அதற்கு முன் பதினொரு மண்டலங்கள் கைமாறியபோது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

ஒப்பந்தம் தவிர்க்க முடியாது என்றே ஒரு மாநகராட்சி முடிவெடுத்தாலும், அதன் வாசகத்தில் செய்ய வேண்டியவை உண்டு. இப்போதைய ஒப்பந்தங்கள் எத்தனை டன் அள்ளப்பட்டது, எத்தனை வீட்டில் தரம் பிரித்து வாங்கப்பட்டது, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பதையெல்லாம் அளந்து பணம் தருகின்றன. குறைந்தால் அபராதம். அந்த அளவுகோல்களில் தொழிலாளிக்குக் கூலி எந்தத் தேதியில் போனது, பி.எஃப். கட்டப்பட்டதா, கையுறை மாற்றப்பட்டதா என்பவையும் சம எடையோடு இடம்பெற வேண்டும். பழைய தொழிலாளியின் சேவைக்காலம் புதிய நிறுவனத்திலும் தொடர வேண்டும் என்பது டெண்டரின் நிபந்தனையாக இருக்க வேண்டும். கூலி இன்ன தொகைக்குக் குறையாது என்பதும் டெண்டரிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த விலை கேட்கிற நிறுவனம் எதில் குறைக்கும்? டீசல் விலையைக் குறைக்க முடியாது, லாரி விலையைக் குறைக்க முடியாது. ஆள் கூலி ஒன்றுதான் அதன் கையில் இருக்கிறது. ராயபுரத்தில் நடந்தது அதுதான், டெண்டர் திறக்கும் நாளிலேயே அந்த ஆறாயிரம் ரூபாய் போய்விட்டது.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் நேரடிக் கையில் எஞ்சியிருந்தவை தண்டையார்பேட்டை, அண்ணா நகர் என்ற இரண்டு மண்டலங்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மும்பைத் தோழர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது, இன்றே தொடங்கக்கூடியது. வருகைப் பதிவின் நகல், வங்கிக் கணக்கில் மாநகராட்சியிடமிருந்து வந்த ஒவ்வொரு மாதக் கூலியின் பதிவு, வேலை ஏவிய ஒவ்வொரு செய்தி, அடையாள அட்டை, கொரோனா காலத்தில் கொடுத்த அனுமதிச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் இப்போதே திருத்தி வாங்க வேண்டும். சங்க அலுவலகத்தில் ஒரு பீரோவும் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரும் இருந்தால் இதைச் செய்துவிடலாம்.